கூட்டல் ஐந்தரை

மாங்குளம் பால் சங்கத்தின் பின்னறையில்
தவிட்டு மூட்டைக்கும் கழுவிக் கவிழ்த்த கேன்களுக்கும் நடுவில்
ஒரு சேர்வர்.
கால் மணிக்கு ஒருக்கால் எழும்பி
குளிர்த் தாங்கியைத் தொட்டுப் பார்த்து
ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கும்.

சரி
சரி
சரி
பிழை
சரி

இவ்வளவுதான். எப்போது என்று எழுத
நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆயிரத்து நூறு லீற்றர் திரிந்தது.
ஒலுமடுவிலிருந்து வந்த பால்தான் புளிப்பென்று
கணக்கில் ஏற்றினார்கள்.
பூலோகசிங்கம் அண்ணர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"உங்கட பெட்டி எத்தினை மணிக்குப் பிழையெண்டது?
நான் ஊத்த முன்னமோ, ஊத்தினாப் பிறகோ?"

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நாற்பத்தோராயிரம் வரிகள்.
கீழிருந்து முப்பதாவதில் ஒரு பிழை.
எதற்குப் பிறகு எது என்று தெரியும்,
அதற்கு மேல் தெரியாது.

"பின்னாலையிருந்து எண்ணினா வராதோ?"
காசாளர் யசோதினி கேட்டாள்.
வராது.
கரண்ட் போன இரவுகளில் அது எழுதவில்லை.
எழுதாத வரிக்கு இடமும் விடவில்லை.
மேலுள்ள சரியும் கீழுள்ள சரியும்
தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன,
இடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

அன்றிரவே இருந்து திருத்தினேன்.
ஒவ்வொரு வரிக்கும் முன்னால் திகதி, மணி, நிமிடம்.
முதல் தடவை ஓடவேயில்லை.
சதவீதக் குறியைக் கண்டால்
கட்டளை அதோடு முடிந்ததென்று நினைத்துவிடுமாம்.
குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும்,
சரிவில் நிறுத்தின லொறிக்குக் கல் வைக்கிற மாதிரி.
வைத்தேன். ஓடியது.

நேற்றைய திகதி, 20:45.

சுவர் மணிக்கூட்டில் இரண்டேகால்.
வெளியே ஏ-ஒன்பதில் மீன் லொறி ஒன்று தெற்கே போகிறது.
பெட்டிக்கு இன்னும் நேற்று இராச்சாப்பாட்டு நேரம்.

எனக்கு இது புதிதில்லை.
பதினாறு வயதில் வவுனியாவுக்குச் சோதனை எழுதப் போனேன்.
ஓமந்தையில் வான் நின்றதும் சாரதி கத்தினார்:
"அரை மணித்தியாலம் கூட்டுங்கோ!"
எல்லாரும் மணிக்கட்டைத் திருகினார்கள்.
நான் கணிதக் கொப்பிக்குள் இருந்தேன்.
வவுனியாவில் இறங்கி
நேரம் கிடக்குதென்று பிளேன்ரீயும் குடித்தேன்.
மண்டபத்தில் முதல் பக்கம் முடித்திருந்தார்கள்.
இரண்டு மணிக்கூடும் சரியாகத்தான் ஓடின.
எந்த இடத்து மணி என்றுதான்
ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

நிமிடத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதவைத்தேன்:
+05:30.
யசோதினி ஏனென்று கேட்பாள். கேட்கட்டும்.

பழைய நாற்பத்தோராயிரத்தை அழிக்கவில்லை.
ஊகித்து நேரம் போடக் கை ஒருக்கால் போனது,
எடுத்துவிட்டேன்.
அவற்றின் அடியில் ஒரு கோடு கீறி எழுதினேன்:
இதற்கு மேலே நேரம் தெரியாது.

வெள்ளி விடியப்புறம்
03:15 +05:30 சரி
04:30 +05:30 பிழை

நடுவில் வெறுமைதான்.
ஆனால் அந்த வெறுமைக்கு இப்போது நீளம் உண்டு,
எழுபத்தைந்து நிமிடம்.

ஆறு மணிக்கு பூலோகசிங்கம் அண்ணர் வந்தார்.
அச்செடுத்துக் கொடுத்தேன்.
"கண்ணாடி இல்லை, வாசிச்சுச் சொல்லு."
"உங்கட பால் வாறதுக்கு முதலே
தாங்கி சூடாகியிட்டுது, அண்ணை."
"செவ்வாய்க்கிழமை?"
அதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

கடதாசியை நாலாக மடித்து
ஹெல்மெட்டுக்குள் வைத்தார்.
கேனை இறக்கினார்.
மூடியில் சோக்கட்டியால், கோணல் எழுத்தில்,
கறந்து முடித்த நேரம்:
5.10.